சொந்தக்காரியை நம்பாத கார்

எங்கள் காரை எங்களுக்கு விற்றவர் என் கணவரின் பழைய நண்பர். குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சாவியைக் கையில் கொடுக்கும்போது அந்த வண்டியின் பெருமைகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்துச் சொன்னார்.

"திருட்டு பயமே வேண்டாம். கம்பெனியிலேயே அலாரம் வெச்சு வந்த வண்டி. இந்தச் சாவி இல்லாம ஒருத்தனாலயும் கிளப்ப முடியாது."

அதில் பாதி உண்மை. ஒருத்தனாலும் கிளப்ப முடியாது என்பது உண்மைதான். சாவி இருந்தாலும் முடியாது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார்.

அந்த ஏற்பாடு என்னவென்று எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆயின. சாவியின் கறுப்புத் தலைக்குள் அரிசிமணி அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. சாவியை நுழைத்துத் திருப்பியதும் வண்டி அந்தச் சில்லைப் பார்த்து நீ யார் என்று கேட்கும். பதில் பிடித்திருந்தால் என்ஜின் ஓடும். பிடிக்காவிட்டால் என்ஜின் உயிர் வந்த மாதிரி ஒரு உறுமல் உறுமிவிட்டு அடங்கிப் போகும். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். அப்போது சாவியைத் திருப்பிய நிலையிலேயே வைத்துவிட்டு, விளக்கு தானாக அணையும்வரை பத்து நிமிடம் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சைரன். யாராவது கதவை நெம்பினால் ஊரைக் கூட்டுவதற்காக வைத்தது. எங்கள் வண்டியில் இரண்டுக்குமே வயதாகி, புத்தி பிசகியிருந்தது.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு தெருவில், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில். கணவருக்குத் தரமணியில் வேலை. காலையில் மந்தைவெளிக்கு நடந்து போய்ப் பறக்கும் ரயிலில் ஏறிவிடுவார். நான் வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். கடைக்கும் கல்யாணத்துக்கும் உறவினர் வீட்டுக்கும் வண்டியை எடுப்பது நான்தான். ஆகவே வண்டியின் சந்தேகம் முழுவதும் என் மேல்தான் விழுந்தது.

மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. பூமிக்கடியில் ஏதோ இயந்திரம் நகர்ந்தால் மேலே எங்கள் வண்டி அலறும். தண்ணீர் லாரி போனால் அலறும். உற்சவத்து மேளம் தெருமுனையில் திரும்பும்போதே இங்கே எதிர்ப்பாட்டு தொடங்கிவிடும். ஒரு நாள் பிற்பகலில் இலைகூட அசையாதபோது அலறியது. கீழ்வீட்டு மாமி ஜன்னலைத் திறந்து நிதானமாகச் சொன்னார்: "உங்காத்து வண்டி அழுதுண்டே இருக்கு. பசிக்கறதோ என்னமோ, போய்ப் பாரு."

கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கு எடுத்துப் போனோம். அங்கே டை கட்டிய இளைஞர் ஒருவர் கம்ப்யூட்டரை வண்டியோடு இணைத்துப் பார்த்துவிட்டு, வண்டி நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி அலறியது. இந்த மாடலுக்கான அலாரப் பெட்டி இப்போது தயாரிப்பில் இல்லை, முழு அமைப்பையும் மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்கும் பெட்டி இல்லை என்று அவர் விளக்கினார். அவருடைய குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது. சைரன் சத்தத்தில் சரியாகக் கேட்கத்தான் இல்லை.

அடுத்து மந்தைவெளியில் ஒரு மெக்கானிக். வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் திறந்து மூடி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"யம்மா, இந்த வண்டிக்கு ஒரு மூள கீது. அந்த மூளைக்கு உன்னப் புடிக்கல. பேசி இன்னா பிரயோஜனம்? ஒயர கட் பண்ணி உட்றேன். சத்தமே வராது."

வெட்டினார். அவர் வெட்டியது ஹாரனுக்குப் போகும் ஒயர். சத்தம் வராது என்று அவர் சொன்னது அந்த அளவில் பலித்தது. அலாரம் மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. மறுபடி அவரிடம் போனபோது கடையைப் பூட்டிவிட்டுச் சபரிமலைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் ஹாரன் இல்லாமல் சென்னையில் ஓட்டினோம். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, பஸ் கண்டக்டர் மாதிரி கதவைத் தட்டிக்கொண்டே வருவார். ஆடம்ஸ் சாலைத் திருப்பத்தில், சே, பழைய பெயர் வந்துவிடுகிறது, கடற்கரைப் பக்கம் திரும்புகிற அந்த இடத்தில், ஒரு நிஜ பஸ் கண்டக்டர் எங்களைப் பார்த்துப் பதிலுக்குத் தட்டினார். அவருக்கு அது கிண்டல். என் கணவருக்கு அது மரியாதையாகத் தோன்றியது.

ஹாரனைச் சரிசெய்து கொடுத்தபோது மெக்கானிக் என்னிடம் வேறொன்றைக் காட்டினார். வண்டியின் ரிமோட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்து நேரத்தில் அழுத்தினால் வண்டி எங்கே நின்றாலும் அலறும். "இத்த மட்டும் தொட்றாத" என்று எச்சரித்தார். அதுவரை அந்தப் பொத்தான் எதற்கென்றே எனக்குத் தெரியாது.

அடையாறில் என் கணவருக்கு ஒரு ஒன்றுவிட்ட மாமா இருக்கிறார். அன்பானவர். பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போய்வந்த படங்களையெல்லாம் டிவியில் ஏற்றி வைத்திருப்பார். ஒவ்வொரு படத்துக்கும் அந்த இடத்தில் அன்றைக்கு என்ன குளிர், என்ன சாப்பிட்டார்கள், வயிறு எப்படி இருந்தது என்று சொல்லுவார். அருவி ஒன்றை இருபது கோணங்களில் எடுத்திருந்தார். மூன்றாவது கோணத்தில் என் கை தானாகக் கைப்பைக்குள் போனது. இரண்டு மாடிக்குக் கீழே, தெருவில், எங்கள் வண்டி குரலெடுத்து அழ ஆரம்பித்தது.

"ஐயோ, நம்ம வண்டி" என்று எழுந்தேன். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாயிற்றே என்று மாமாவும் பதறினார். ஐந்து நிமிடத்தில் திரு.வி.க. பாலத்தில் இருந்தோம். காற்று அருமையாக வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பொத்தான் எங்களைப் பல இடங்களிலிருந்து மீட்டது. பெண் பார்த்த கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லும் சித்தி வீடு, கல்யாண ரிசப்ஷனில் மணமக்களோடு படம் எடுக்க நிற்கும் வரிசை, குடியிருப்போர் சங்கத்துக் கூட்டம். என் கணவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒவ்வொரு தடவையும் உண்மையான கவலையோடு படியிறங்கி ஓடுவார். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனாலேயே அவரிடம் நான் சொல்லவில்லை.

ஒரு நாள் மாமா வீட்டில் என் கணவரின் கண் என் கைப்பை மேல் விழுந்துவிட்டது. உள்ளே விரல் அசைவதைப் பார்த்தார். கீழே அலறல் கேட்டது. எழுந்தார், விடைபெற்றுக்கொண்டார், என்னோடு படியிறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் நின்று தணிந்த குரலில் சொன்னார்:

"அடுத்த தடவ காபி வந்ததுக்கப்புறம் அழுத்து."

இப்படி வண்டிக்கும் எங்களுக்கும் ஒரு சமரசம் ஏற்பட்டிருந்தது. அது என்னைத் திருடி என்று ஊரறியக் கத்தினாலும் எனக்கு உறைப்பதில்லை. நடுத்தெருவில் அது அலற அலறக் கதவைத் திறந்து உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, பெல்ட்டைப் போடும் அளவுக்குப் பழகிவிட்டேன். தி. நகரில் நடந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

அப்போது திருச்சியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அறைக்குள் வந்தால் இன்றைக்கும் என் கணவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். மகன் புது வீடு கட்டியிருந்ததால் அதற்கு எவர்சில்வர் பாத்திரங்கள் வாங்க வேண்டுமென்றார். நான் கூட்டிக்கொண்டு போனேன். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், புங்க மரத்தடியில், மற்ற வண்டிகளின் வரிசையில் இடம் கிடைத்தது. நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனோம். அண்ணி ஒவ்வொரு குண்டானையும் விரலால் சுண்டி, அது என்ன பதில் சொல்கிறது என்று கேட்டுத்தான் வாங்கினார். வெளியே வரும்போது எங்கள் நான்கு கைகளிலும் பைகள் நிறைந்திருந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது.

சந்துக்குள் நுழைந்ததும் மரத்தடியில் எங்கள் சாம்பல் நிற வண்டி தெரிந்தது. ரிமோட்டை அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அதற்கு மனம் வராத நாட்களும் உண்டு என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை. சாவியைக் கதவில் விட்டுத் திருப்பினேன். திறந்தது. திறந்த அதே நொடியில் சைரன் பிடித்துக்கொண்டது.

அண்ணி பயந்து ஒரு பையைக் கீழே போட்டார். குண்டான் ஒன்று உருண்டு ஓடியது.

"ஒண்ணுமில்ல அண்ணி, இது இப்படித்தான். நீங்க உட்காருங்க" என்றேன்.

பைகளைப் பின் சீட்டில் அடுக்கிவிட்டு அண்ணி அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்னால் உட்கார்ந்தேன். சீட் மிகவும் பின்னால் தள்ளியிருந்தது. முன்னால் இழுத்துக்கொண்டேன். சீட்டின் மேல் மர மணிகள் கோத்த விரிப்பு ஒன்று முதுகில் உறுத்தியது. டாஷ்போர்டில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிள்ளையார் இருந்தார். என் கணவருக்கு இந்தப் பழக்கம் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது வாங்கி ஒட்டிவிடுவார். போன மாதம் கொசுவுக்கு ஏதோ ஒட்டியிருந்தார். முதுகு வலிக்கிறது என்று நான் சொன்னதற்காக மணி விரிப்பும் வாங்கியிருக்கிறார் பார், என்று கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனேன்.

சாவியைத் திருப்பினேன். என்ஜின் உறுமி அடங்கியது. சிவப்பு விளக்கு சிமிட்டியது. எல்லாம் வழக்கம்போலத்தான். சைரன் களைத்து ஓய்ந்தது. சாவியை அப்படியே விட்டுவிட்டு, விளக்கு அணையட்டும் என்று காத்திருந்தேன். அண்ணி பின்னாலிருந்து, இந்த நேரத்தில் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றார்.

மரத்தின் மறுபக்கம் ஒரு பூக்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டுக் கூடியவர்களுக்கு அவர்தான் என் சார்பில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பொம்பள பாவம் வெயிலில் மாட்டிக்கொண்டாள் என்று ஒரு அனுதாப அலையையே உண்டாக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி சந்துக்குள் நுழைய முயன்றது. எங்கள் வண்டியின் மூக்கு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் லாரி போக முடியவில்லை. முனையில் நின்றிருந்த டிராஃபிக் போலீஸ்காரர் வந்தார்.

என்ன பிரச்சினை என்று கேட்டார். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேர்ந்த விளக்கத்தை அவரிடமும் சொன்னேன். பழைய வண்டி, திருட்டைத் தடுக்கக் கம்பெனியில் வைத்த அமைப்பு கெட்டுப்போய்விட்டது, என்னைப் பார்த்தாலே அதற்குத் திருடி மாதிரி தெரிகிறது. அவர் சிரித்துவிட்டார். தன் மைத்துனருடைய வண்டியிலும் இதே தொல்லைதான் என்றார். சரி, நியூட்ரலில் போடுங்கள், முனைவரைக்கும் தள்ளி ஓரம் கட்டிவிடலாம் என்றார். ஒரு ஆட்டோ ஓட்டுநரைக் கூப்பிட்டுக்கொண்டு அவரும் சேர்ந்து தள்ள ஆரம்பித்தார். தொப்பியைக் கழற்றிப் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளினார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

வண்டி மெல்ல நகர்ந்தது. முனையிலிருந்து ஒரு தம்பதி வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கணவருக்கு அறுபது வயதிருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நாலு பேர் கஷ்டப்படும்போது சும்மா நிற்கக் கூடாது என்று வளர்ந்தவர் போலிருக்கிறது. கையிலிருந்த பட்டுப்புடவைப் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, நேராக வந்து என் ஜன்னலோரம் கதவுச் சட்டத்தில் கை வைத்து அவரும் தள்ளினார். நான் நன்றி சொன்னேன். பரவாயில்லம்மா என்றார். கொஞ்ச தூரம் தள்ளிய பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே பார்த்தார்.

"இந்தப் பிள்ளையாரை எங்கம்மா வாங்கினீங்க?"

"வீட்டுக்காரர் வாங்கியிருக்காரு."

"எங்க வண்டியிலயும் அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு இருக்கு. தும்பிக்கை நுனி உடைஞ்சு, நான்தான் பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கேன்."

நான் பிள்ளையாரைப் பார்த்தேன். தும்பிக்கை நுனியில் மஞ்சளாகப் பசை திரண்டிருந்தது.

பின் சீட்டிலிருந்து அண்ணி சொன்னார்: "எல்லாப் பிள்ளையாருக்கும் முதல்ல உடையறது தும்பிக்கைதான்."

அவர் அதை ஒத்துக்கொண்டு தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு அவர் பார்வை என் முதுகுக்குப் பின்னால் போனது. மணி விரிப்பைப் பார்த்தார். கதவின் உட்பக்கம் செருகியிருந்த தினசரிக் காலண்டர் அட்டையைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். நேராக வண்டிக்குப் பின்னால் போனார். நம்பர் பிளேட்டைக் குனிந்து படிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்று போலீஸ்காரரிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார். "இது என் வண்டி."

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு ஒற்று மிகுந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் என்று பதிப்பகத்தில் எனக்குப் பெயர். அந்த நம்பர் பிளேட்டில் ஒரு எண்கூட எங்களுடையது இல்லை.

லாரி ஓட்டுநர்கூட ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். முதலில் பேசியது பூக்காரம்மாதான். போலீஸ்காரரின் தொப்பி இன்னும் அவர் மடியில்தான் இருந்தது.

"இன்னாமே இது, போலீஸ வெச்சே வண்டியத் தள்ளிக்கினு போற?"

போலீஸ்காரர் போய்த் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். வைத்ததும் குரல் மாறிவிட்டது. லைசென்ஸ் எங்கே, ஆர்.சி. புத்தகம் எங்கே என்று கேட்டார். ஆர்.சி. எங்கள் வண்டியில் இருக்கிறது என்றேன். உங்கள் வண்டி எங்கே என்றார். அது எனக்கும் தெரியவில்லை. அண்ணி இறங்கி வந்து, தான் ஒரு தலைமை ஆசிரியை என்று தெரிவித்தார். இதுவரை தன்னிடம் யாரும் இந்த மாதிரி பேசியதில்லை என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னபோது கையில் எவர்சில்வர் குண்டான் இருந்தது. போலீஸ்காரர் கொஞ்சம் பின்வாங்கினார்.

எங்கள் வண்டி வெகு அருகிலேயே இருந்தது. அதே மரத்தின் அந்தப் பக்கம், நாங்கள் கடையிலிருந்தபோது வந்து நின்ற ஒரு டெம்போ அதை முழுக்க மறைத்துவிட்டிருந்தது. அதே மாடல், அதே சாம்பல் நிறம், மேலே அதே புங்கம் பூ உதிர்ந்திருந்தது. எல்லோரும் ஊர்வலமாக அங்கே போனோம்.

என் கதையை நிரூபிக்க இதைவிட எளிய வழி இல்லை என்று நினைத்தேன். கதவைத் தொட்டால் போதும், அலறும். நான் சொன்னதெல்லாம் உண்மை என்று ஊருக்கே தெரிந்துவிடும். கைப்பிடியை இழுத்தேன். கதவு சத்தமில்லாமல் திறந்தது. பூட்டியே இல்லை. அந்தப் பக்கம் நின்று நான் ரிமோட்டை அழுத்தியபோதெல்லாம் இது இந்தப் பக்கம் சமர்த்தாகத் திறந்துகொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறது. உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே என்ஜின் பூனை மாதிரி ஓடியது. சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை.

"நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றார் போலீஸ்காரர்.

இறங்கிக் கதவை ஓங்கி அறைந்தேன். பானெட்டைத் தட்டினேன். எத்தனையோ தடவை என்னைக் காப்பாற்றிய சிவப்புப் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். என்ஜின் ஓடும்போது அது வேலை செய்யாது என்பது அந்தப் பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை. இத்தனை நாளும் இந்தக் கார் கத்தாமல் இருக்க வேண்டுமே என்று ஏங்கியவள், அன்றைக்கு ஒரு முனகலாவது முனகாதா என்று தவித்தேன். அது சாதுவாக நின்றது. கூட்டம் என்னை ஒரு மாதிரி பார்த்தது. பூக்காரம்மாவின் அனுதாபம் முழுவதும் வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் போய்விட்டிருந்தது.

அவர்தான் என்னைக் காப்பாற்றினார். அதுவரை மரத்தடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தவர், முன்னால் வந்தார்.

"இவங்க சாவி என் வண்டியத் திறந்திருக்கு. அப்ப என் சாவி இவங்க வண்டியத் திறக்கணும் இல்ல? ரெண்டும் தேய்ஞ்ச சாவிதான். வண்டியப் பூட்டுங்கம்மா."

என்ஜினை நிறுத்தி, ரிமோட்டால் பூட்டினேன். அவர் தன் சாவியைக் கதவில் விட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. அப்போது எழுந்தது பாருங்கள் அந்த அலறல். டெம்போவில் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்தார். மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் வண்டி வேறொருவரைத் திருடன் என்று சொன்ன முதல் நாள் அது.

போலீஸ்காரருக்குத் திருப்தியாகிவிட்டது. இருந்தாலும் கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தான் தள்ளிய விஷயத்தை எங்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். யார் என்று தெரியாதபடி சொல்வதில் அவருக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன்.

வெள்ளைச் சட்டைக்காரருக்குக் கோபமே வரவில்லை. சொல்லப்போனால் அவர் ஒரு உற்சாகத்தில் இருந்தார். தன் வண்டியின் அலாரம் எப்போதோ செத்துப்போய்விட்டது என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். ஒரு தடவைகூட அது வாய் திறந்ததில்லையாம். "நீங்க திருடப் போய்த்தான் அது உயிரோட இருக்குன்னே தெரிஞ்சுது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவிக்கு மட்டும் எங்கள் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. பின் சீட்டிலிருந்து எங்கள் பைகளை எடுத்துக் கொடுத்தபோது ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்துத்தான் கொடுத்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

எதிரே இருந்த ஹோட்டலில் நாலு பேரும் காபி குடித்தோம். எங்கள் வண்டி ஏன் காரணமில்லாமல் அழுகிறது என்பதற்கு வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு காரணம் சொன்னார். பானெட்டின் விளிம்புக்கடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அதுதான் வண்டிக்குச் சொல்லும். அது துருப்பிடித்தால், மூடியிருக்கும்போதே யாரோ திறந்துவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கிவிடும். அவருடைய தம்பி வண்டிக்கு அப்படி ஆனதாம். எனக்கு நம்பிக்கையில்லை. அடுத்த சனிக்கிழமை என் கணவர் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் குவியலில் அப்படி ஒரு ஸ்விட்சைத் தேடி எடுத்து வந்து, மந்தைவெளி மெக்கானிக்கிடம் கொடுத்துப் போடச் சொன்னார். அதோடு அழுகை நின்றது. சிவப்பு விளக்கு மட்டும் இன்னும் எப்போதாவது சிமிட்டுகிறது. மூளைக்கு மருந்து கிடையாது என்கிறார் மெக்கானிக்.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில், இந்த விஷயம் திருச்சியில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை திருச்சியிலிருந்து வரிசையாகப் போன் வந்தது. வண்டிக்காரரை அண்ணி எப்படி அடக்கினார், போலீஸ்காரர் அண்ணியைப் பார்த்து எப்படி நடுங்கினார், என்ன சாமர்த்தியமாகச் சாவியை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னார் என்றெல்லாம் ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். அண்ணி பக்கத்து அறையில் தினசரி படித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இப்போதும் அண்ணி சென்னைக்கு வருகிறார். எங்கே கிளம்பினாலும் காரில் ஏறும் முன் பின்பக்கம் போய் நிற்பார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் படிப்பார். என் கணவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்பார். கடைசி எண்ணும் சரியாக இருந்த பிறகுதான் எங்களை ஏறச் சொல்லுவார்.